எந்த யூனிட்டை மிச்சப்படுத்துகிறாய்?

கடையநல்லூர்

அன்புள்ள மருமகனுக்கு,

இன்ஜினியர் கொடுத்த எஸ்டிமேட் வந்து சேர்ந்தது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்த என்றே நாலு இனம் சேர்த்திருக்கிறார்: தளத்தின் மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஐந்து நட்சத்திர ஏ.சி., மூன்று கிலோவாட் சோலார். எல்லாவற்றையும் போட்டுவிடலாமா என்று கேட்கிறாய். அதற்கு முன் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடும்?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் மாநிலத்தில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள். பிறகு ஏறியிருக்கிறது என்றாலும் முழு எண்களாக இருப்பதால் கணக்குப் போட வசதி. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை நாலரை ரூபாய், 500 வரை 6 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கும் நாலரை ரூபாய் போட்டுவிடுவார்கள்; அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9, ஆயிரம் வரை 10, அப்புறம் 11. ஆக, 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய்!

இதை வைத்து ஒரு ஃபேனைப் பார். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடிவிடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். 90 யூனிட் ஓடும் வீட்டில் அந்த 32 யூனிட்டால் ஒரு பைசா குறையாது. 350 ஓடும் வீட்டில் 144 ரூபாய் குறையும். 830 ஓடும் வீட்டில் முன்னூறு ரூபாய்க்கு மேல் குறையும். அதே ஃபேன்தான், அதே யூனிட்தான். இத்தனை சதவீதம் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்போது கான்கிரீட் கூரைக்கு, நம் தட்டட்டிக்கு வருகிறேன். மாடி இல்லாத வீட்டுக்கு உண்மையான எதிரி அதுதான். மே மாத மதியத்தில் வெறும் கான்கிரீட்டின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தொட்டுவிடும். ஐந்து அங்குலத் தளம் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, என் அக்காவும் அத்தானும், அதாவது உன் அம்மாவும் அப்பாவும், படுக்கப்போகும் நேரத்தில் கீழே இறக்கும். ஃபேன் அதை வாரி அவர்கள்மேல் கொட்டும். நம் பெரியவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் கெட்டித்து, அதன் மேல் தட்டோடு பதித்தது தண்ணீர் வடியவும்தான், சூடு இறங்காமல் இருக்கவும்தான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் கொண்டுவந்த குடியிருப்புக் கட்டட விதியும் கூரையைத் தனியாகப் பேசுகிறது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது. வெறும் கான்கிரீட் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும்.

டைல்ஸுக்குக் கூலியோடு அறுபதாயிரம் என்று வைத்துக்கொள். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருட வீட்டுக் கடனில் அது சேர்ந்தால் மாதத் தவணையில் சுமார் 520 ரூபாய் கூடும், வருடத்துக்கு 6,250. ஏ.சி. ஓடும் வீட்டில், கோடையில் 830 யூனிட் 590-ஆக இறங்கினால் ஒரு பில்லுக்கு 2,180 ரூபாய் மிச்சம்; வருடத்தில் மூன்று பில் அப்படி வந்தால் 6,540. தவணையும் மிச்சமும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆனால் அக்கா ஏ.சி.யைப் போடவே மாட்டாள், உனக்கே தெரியும். அப்போது பில்லில் பெரிதாக எதுவும் குறையாது. இருந்தாலும் டைல்ஸைப் போடு என்றுதான் சொல்வேன். அறுபது வயதுக்கு மேல் இரவில் தூங்க முடிவதற்கு பில்லில் இடம் கிடையாது. கையில் பணம் இல்லையா, இப்போதைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடி. அதுவும் வெயிலைத் திருப்பி அனுப்பும், மழையில் கரைந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வேண்டாம். 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் 'பாஸிவ் ஹவுஸ்' கட்டியவர்களுக்குப் பல அடுக்குக் கண்ணாடி சரி. வெளியே பூஜ்யம், உள்ளே இருபது டிகிரி. அந்த ஊரில் ஜன்னலை மூடி வைத்துத்தான் வாழ வேண்டும். நமக்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று இருக்கிறது. காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றில்தான். அதை உள்ளே விட மேற்கில் ஒரு ஜன்னல், வெளியே விட கிழக்கில் ஒரு ஜன்னல், நேருக்கு நேர் வை. கண்ணாடிக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, மேற்கு ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடும் பக்கவாட்டுத் தடுப்பும் கொடு. வடக்கு ஜன்னலையும் மறந்துவிடாதே. வடக்கில் வெயில் விழாது என்று வடநாட்டுக்காக எழுதிய புத்தகங்கள் சொல்லும். நாம் ஒன்பதாவது அட்சரேகையில் இருக்கிறோம்; சித்திரை பிறந்ததும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், ஆவணியில்தான் திரும்பும்.

சுவரைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கணவாய்க்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவது. செங்கல் சுமார் கால்வாசி குறையும், சூடும் குறையும். செலவைக் கூட்டாமல் குளிர்ச்சி தருகிற அபூர்வமான வழி. ஆனால் பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் முயற்சி செய்யாதே.

ஏ.சி.யும் சோலாரும் இன்றைக்கு முடிவு செய்ய வேண்டியவை அல்ல. ஏ.சி.யின் நட்சத்திரச் சீட்டில் போட்டிருக்கும் யூனிட், வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துச் சொல்வது. நூறு மணி நேரம்கூட ஓடாத வீட்டில் ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பவே திரும்பாது. மூன்று கிலோவாட் சோலாருக்கு 2024-இல் மத்திய அரசு அறிவித்த மானியம் 78,000 ரூபாய், நல்ல தொகைதான். ஆனால் கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும். உன் வீட்டில் அதில் பாதியாவது ஓடுமா? ஒரு வருடம் குடியிருந்து, ஆறு பில்லைப் பார்த்துவிட்டு முடிவெடு.

தளம் போடும் நாளுக்கு முன் மேஸ்திரியிடம் மூன்று விஷயம் பேசிவிடு. தட்டட்டியிலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் சோலார் ஒயருக்கு ஒரு வெறும் பைப் இறக்கி வைக்கட்டும். தண்ணீர்த் தொட்டி வடக்கு ஓரத்தில் வரட்டும். மார்கழி வெயிலில் அதன் நிழல் பேனல்மேல் விழாது. சன்ஷேடு எத்தனை அடி என்பதை வாயால் சொல்லாமல் பிளானில் எழுதிக் கொடு. அந்த வீட்டில் குடியேறப்போகிற எல்லோருடைய பழைய பில்லையும் பார்த்து யூனிட் கணக்கை எழுது; டைல்ஸைப் பற்றிய கடைசிக் கணக்கை அப்புறம் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
மாமா