வளர்ச்சி ஊசி சர்க்கரை நோயைக் கொண்டுவருமா?

நம்பிக்கை: வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும்.

உண்மை: இந்த அச்சம் காரணமில்லாமல் பிறந்ததல்ல. வளர்ச்சி ஹார்மோன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கூட்டுகிறது. அதனால் இன்சுலினின் வேகம் மட்டுப்படுகிறது. இந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை நாய்களிடம் ஆராய்ந்து காட்டிய அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே 1947இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலும் கட்டி ஒன்றால் இந்த ஹார்மோன் அளவுமீறிச் சுரக்கும் அக்ரோமெகலி நோயாளிகள் பலருக்குச் சர்க்கரை நோய் வருவதும் உண்டு. ஆனால் கட்டி கட்டுப்பாடின்றிச் சுரப்பதும், குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட்டுத் தருவதும் ஒன்றாகா. பெரும்பாலான குழந்தைகளின் கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது, சர்க்கரை ஏறுவதில்லை.

'ஆறு மடங்கு ஆபத்து என்று ஆய்வே சொல்கிறதே?' என்று கேட்கலாம். சொல்கிறதுதான். இந்த ஊசி போட்டுக்கொண்ட 23,333 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு அவர்களிடம் ஆறு மடங்கு அதிகம் என்றது. முதல் வகை கூடவில்லை. ஆறு மடங்கு என்றாலும், உறுதியானவர்கள் 18 பேர். ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒருவர். நோய்க்கு ஏற்கெனவே வாய்ப்புள்ளவர்களிடம் அது முன்கூட்டியே வெளிப்பட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். உடல் பருமன், டர்னர் அல்லது பிராடர்-வில்லி குறைபாடு, குடும்பத்தில் நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து, புற்றுநோய்க்கான கதிர்வீச்சு ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுபவை. இத்தகைய சிக்கல்கள் இல்லாமல் சிறுவயதில் ஊசி பெற்று வளர்ந்தவர்களை பிரான்சில் ஆராய்ந்தபோது, பொதுமக்களைவிட அவர்களிடம் நீரிழிவு கூடுதலாக இல்லை என்று 2017இல் தெரிந்தது.

நம்பிக்கை: சர்க்கரை ஏறினால் ஊசியை நிறுத்திவிட்டால் போதும், சரியாகிவிடும்.

உண்மை: 2000ஆம் ஆண்டு ஆய்வில், ஊசியை நிறுத்திய பிறகும் இரண்டாம் வகை நீரிழிவு விலகவில்லை. ஆகவே வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரியல்ல. சிகிச்சைக்கு முன்பே குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாய்ப்புள்ள குழந்தைக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் தொடக்கத்திலும் இடையிடையேயும் பார்க்க வேண்டும். ஹார்மோன் குறையே இல்லாத பிள்ளைக்கு, இன்னும் இரண்டு அங்குலம் கிடைக்குமே என்று கேட்போருக்கு, சிறிய ஆபத்தும் பெரியதே. ஆனால் உண்மையிலேயே குறையுள்ள குழந்தைக்கு ஊசியைப் பயந்து மறுப்பதற்கும் விலை உண்டு: சர்க்கரையை ரத்தப் பரிசோதனையில் கண்காணிக்கலாம், எலும்பின் வளர்தட்டுகள் மூடிக்கொண்டபின் இழந்த உயரத்தை எந்த ஊசியாலும் மீட்க முடியாது.