அவரைப் பந்தலில் ஓர் எலும்புப் பாடம்

பெருமாநல்லூரில் பத்தாம் வகுப்புக்கு இன்சுலின் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனித் தையல் தொழிலாளியின் மகள் எழுந்தாள். “ஏனுங்க சார், தம்பிக்கு ஒடிஞ்ச கை சீக்கிரம் கூடிருச்சு. சர்க்கரை இருக்கற அம்மாவுக்குக் கால் கூடவே மாட்டேங்குது?”

கரும்பலகையில் அவரைப் பந்தல் வரைந்தேன். உடைந்த எலும்பில் இடைவெளி இருந்தால், புதிய எலும்பு பற்றி வளரப் பந்தல் வேண்டும். அதற்காக நோயாளியின் இடுப்பெலும்புத் துண்டையோ, ஹைட்ராக்சிஅபடைட் துகள்களையோ மருத்துவர் வைப்பார். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த இப்பொருளே நம் எலும்பின் முக்கியக் கனிமத்தை ஒத்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய பொருள்களை உருவாக்கியுள்ளது.

“பந்தல் இருந்தும் தண்ணீர் இல்லாவிட்டால்?”

“கொடி காஞ்சிருமுங்க சார்.”

இரத்தச் சர்க்கரை தொடர்ந்து மிகுந்தால் நுண்குழாய்கள் பழுதாகும். எலும்பாக்கும் செல்கள் மந்தமாகும். தொற்றும் எளிதில் வரும். ஆகவே எலும்பு ஒட்டு, சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றன்று.

ஓவர்டைம் நாள்களில் அம்மா மாத்திரையை விட்டுவிடுவாராம். சிகிச்சையை மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டுக்கே தருவதையும் கூறினேன். இப்போது மாத்திரை அட்டவணையை மகளே எழுதிவருகிறாள்.

ஹார்மோன் பாடத்தையும் எலும்பு மண்டலத்தையும் இணைத்து நடத்திப் பாருங்கள். மாணவர் வீட்டுக் கேள்விகள் வகுப்புக்கு வரும்.