படுக்கை நனைந்தால் மணி அடிக்கும்

உலர்ந்த துணி மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு நீரில் நனைந்த துணி கடத்தும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்ட இச்சிறு உண்மை, பல குழந்தைகளின் கண்ணீரைத் துடைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கின்றனர். இது சோம்பலும் அன்று, குறும்பும் அன்று. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்கோ, சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி உறங்கும் மூளையை எழுப்புவதில்லை. இவற்றில் எதை அடியும் கேலியும் மாற்றும்?

1904-இல் பிஃபாண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததைத் தாதியருக்கு அறிவிக்க மின்மணி அமைத்தார். மணியோசை கேட்ட குழந்தைகளில் சிலர் நாளடைவில் நனைப்பதையே நிறுத்திவிட்டனர்! 1938-இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் இதனைச் சிகிச்சை முறையாக வளர்த்தனர்.

அமைப்பு எளியது. இரண்டு உலோக வலைகள், இடையே துணி. சிறுநீரில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகள் மின்சுற்றை நிறைவு செய்கின்றன. மின்கலத்தின் சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்க, மணி ஒலிக்கிறது. குழந்தை விழித்துக் கழிவறைக்குச் செல்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல, மணிக்கு முன்பே உடல் விழிக்கவோ அடக்கவோ பழகிவிடுகிறது. இதற்கு இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும்.

இக்கருவியை நீங்களே செய்து தம்பி தங்கையரிடம் சோதிக்காதீர்கள்; மருத்துவர் அறிவுரை தேவை. நனைப்பது நின்றிருந்த குழந்தைக்கு அது மீண்டும் தொடங்கினாலும், எரிச்சலோ மிகுந்த தாகமோ இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நீங்கள் தரக்கூடிய நல்ல மருந்து ஒன்று உண்டு: கேலி செய்யாதிருத்தல்.