டே புக் வேறு, லெட்ஜர் வேறு

போன தை மாதம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஐயா, நீங்க விவசாயத்தை விட்டுட்டீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒடுகத்தூரில் எங்கள் ஏழு பேர் குழுவுக்காக நான் எழுதிவந்த வலைப்பூவைத் திறந்திருக்கிறார். முதலில் கண்ணில் பட்டது, "சாமை தீர்ந்துவிட்டது" என்ற வரி. அது பங்குனியில் எழுதியது. ஐப்பசி அறுவடையில் வந்த சாமை ஆறு மூட்டை அப்போது வீட்டில் கிடந்தது. போன் போடாமலே போனவர்கள் எத்தனை பேரோ!

வலைப்பூவின் இயல்பே அதுதான். கடைசியாக எழுதியது மேலே நிற்கும், மற்றதெல்லாம் கீழே போய்விடும். வங்கியில் டே புக் அப்படித்தான். ஆனால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், டே புக்கைப் புரட்டுவோமா? லெட்ஜரில் அவர் பக்கத்தைத்தானே திறப்போம்.

அந்த லெட்ஜரும் அதே மென்பொருளுக்குள் இருக்கிறது. வேர்ட்பிரஸ் 2003-ல் வலைப்பூவுக்காகவே பிறந்தது. 2005-ல் வந்த 1.5 பதிப்பில் 'போஸ்ட்' தவிர 'பேஜ்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். போஸ்ட் தேதி வரிசையில் போகும். பேஜ் வைத்த இடத்திலேயே இருக்கும். 2017-ல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே வேர்ட்பிரஸுக்கு மாறியது. நம் சாமைக்கு அது போதாதா?

முதலில், தானாக வந்திருக்கும் 'ஹலோ வேர்ல்ட்' போஸ்டையும் 'சாம்பிள் பேஜ்'ஐயும் களையெடுத்துவிடுங்கள். பிறகு 'முகப்பு', 'விளைபொருள்', 'எங்கள் நிலம்', 'தொடர்பு', 'வயல் செய்தி' என்று ஐந்து பேஜ் திறங்கள். 'வயல் செய்தி'யில் எதுவும் எழுத வேண்டாம், எழுதினாலும் தெரியாது. செட்டிங்ஸில் 'ரீடிங்' என்ற இடத்துக்குப் போய் 'எ ஸ்டாட்டிக் பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'ஹோம்பேஜ்' என்ற கட்டத்தில் முகப்பையும், 'போஸ்ட்ஸ் பேஜ்' என்ற கட்டத்தில் வயல் செய்தியையும் காட்டுங்கள். அவ்வளவுதான், வலைப்பூ வலைத்தளமாகிவிடும். மழை, விதைப்பு, பூச்சி பற்றி எழுதுகிற போஸ்ட் எல்லாம் வயல் செய்திக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே வரும் மெனுவை 'அப்பியரன்ஸ்' பகுதியில் அமைக்கலாம். தீமுக்குத் தீம் இது கொஞ்சம் மாறும், வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

விலை விஷயத்தில்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சாமை விலையை முகப்பில் ஒருமுறை, விளைபொருளில் ஒருமுறை, போஸ்டில் ஒருமுறை எழுதி வைத்தேன். மாற்றும்போது ஒன்றை மறந்தேன். பழைய விலையைப் பார்த்து வந்தவருக்குப் பழைய விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. சொன்ன சொல் ஆயிற்றே! இப்போது விலையும் இருப்பும் 'விளைபொருள்' பக்கத்தில் மட்டும். பக்கத்தில் தேதி தானாகத் தெரிவது அரிது. அதனால், "எந்தத் தேதி நிலவரம்" என்று நாமே மேலே எழுதிவிட வேண்டும். மற்ற இடங்களில் அந்தப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு போதும்.

இன்னொன்று. காசு கொடுத்துச் சொந்தமாக டொமைன் வாங்கினால், அமைத்துக் கொடுக்கும் தம்பியின் பெயரில் வாங்க விடாதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும். வருடா வருடம் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அந்தப் பங்குனி வரியை நான் அழிக்கவில்லை. வயல் செய்தியில், தன் தேதியோடு, கீழே எங்கோ இருக்கிறது. பெங்களூர் அம்மா இரண்டு முறை சாமை வாங்கிவிட்டார், மூன்றாவதாகச் செக்கு எண்ணெய் கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பக்கம் திறக்கவில்லை.