சருகிடை மறையும் வண்ணத்துப்பூச்சி

நண்பகலில் மரநிழலிலே நடக்குங்கால், காலடியிற் கிடந்த சருகொன்று திடீரென எழுந்து, சில முழந் தள்ளி வீழ்ந்து, மீண்டுஞ் சருகாகிவிடுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். ஆங்கிலத்தில் 'ஈவினிங் பிறவுண்' எனப்படும் வண்ணத்துப்பூச்சியே அது. சுவீடிய அறிஞர் லினேயஸ் 1758 ஆம் ஆண்டில் இதற்கு 'லீடா' எனப் பெயரிட்டார். இன்று வழங்கும் முழுப்பெயர் மெலனிற்றிஸ் லீடா என்பதாகும்.

இதனை அறிவது எவ்வாறு? மேற்புறம் கபில நிறம். முன்சிறகின் நுனியருகே ஒரு கரும்பொட்டும், அதனுள் இரு வெண்புள்ளிகளும், அயலிலே செம்மஞ்சட் சாயலும் உண்டு. இதன் உறவினமாகிய பெடிமாவிலோ வெண்புள்ளிகள் கரும்பொட்டின் நடுவில் அமையாது வெளியோரமாக ஒதுங்கி நிற்கும்.

கீழ்ப்புறத்தை நோக்கும்போதே மயக்கம் பிறக்கின்றது. மாரியிற் பிறந்தவற்றின் கீழ்ச்சிறகில் கண்போன்ற வளையங்கள் வரிசையாகத் துலங்கும். கோடையிற் பிறந்தவற்றில் அவை சிறுத்து மறைய, உலர்ந்த இலையின் நிறமே மேலோங்கும்; சிறகின் நுனியுங் கூர்மையுறும். மாணவப் பருவத்தில் நாம் இவ்விரண்டையும் பிடித்து, பெட்டியிற் குத்தி, இரு வேறு இனங்களெனச் சீட்டெழுதி வைத்துப் பெருமைப்பட்டோம். அப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. முன்னைய அறிஞர் சிலரும் அவ்வாறே பிரித்தெண்ணினர். லயனல் டி நிசேவில் என்பார் கல்கத்தாவில் இக்குடும்பத்துப் பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்து, பருவத்துக்கேற்பக் கோலம் மாறுவதை ஆராய்ந்து 1886 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொன்று குத்திய பூச்சி கூறாததை வளர்த்த பூச்சி கூறிற்று.

இம்மாற்றத்தின் பயன் யாது? கோடையிற் சருகு மிகுதி, அசையாதிருப்பதே காவல். மாரியிற் பசுமை மிகுதலால் ஒளித்தல் அரிது. அப்போது ஓரத்துக் கண்வளையங்கள் பகையின் கொத்தை உடலினின்றும் சிறகோரத்துக்குத் திருப்புமென்பர். சிறகோரம் கிழிந்தாலும் உயிர் தப்பும்.

பகலெல்லாம் நிழலில் ஒடுங்கியிருக்கும் இப்பூச்சி அந்தியிலேயே உலாவப் புறப்படும். சிலவேளை விளக்கொளியை நாடி வீட்டினுள்ளும் வரும். மலர்த்தேனினும் அழுகிய பழமும் மரத்திற் கசியுஞ் சாறுமே இதற்கு உவப்பானவை. பெண்பூச்சி புல்லிலும் நெல்லிலும் முட்டையிடும். பச்சை நிற மயிர்க்கொட்டியின் தலையில் இரு கொம்புகள் உண்டு. கூட்டுப்புழுவும் பச்சையாய்த் தலைகீழாகத் தொங்கும்.

வளவிலுள்ள சருகு முழுவதையுங் கூட்டி எரிப்பது தூய்மையென நாம் எண்ணுகின்றோம். இவ்வுயிரின் கோடைக்காவலையே எரிக்கின்றோம் என்பதை எண்ணுவதில்லை. வேலியோரத்தில் ஒரு மூலையையாவது விட்டுவைத்தல் நன்று.

மாணவர்காள்! வலையை வைத்துவிட்டு, ஒரு கண்ணாடிப் போத்தலையும் குறிப்பேட்டையும் எடுங்கள். கொம்புடைய மயிர்க்கொட்டியொன்றை அது உண்ணும் புல்லோடு கொணர்ந்து, நாள்தோறும் புதுப்புல் இட்டு வளர்த்து, கண்டதைத் தேதியோடு எழுதுங்கள். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் இதனைச் செய்பவர், நாம் பெட்டியிற் செய்த பிழையைச் செய்யார்.