தண்ணீர் நிறம் மாறினால் பிளாஸ்டிக் என்று கொள்ளலாமா?

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதை நம் பகுதி விவசாயிகள் பலர் பார்த்திருப்பார்கள். பெங்களூர்க் கழிவுநீரில் வரும் சோப்புத்தூள் வகை இரசாயனங்களே இந்த நுரைக்குப் பெரும் காரணம். ஆனால் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிளாஸ்டிக் துகளுக்கு நுரையும் இல்லை, வாடையும் இல்லை. ஜவளகிரிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித் தக்காளி பயிரிடுவோர் இது நமக்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. கிழிந்த நிலப்போர்வை, நைந்த உரச்சாக்கு, வெயிலில் வெடித்த சொட்டுநீர்க் குழாய் ஆகியவை நம் வயலிலேயே இத்துகளை உண்டாக்குகின்றன.

இதைக் கண்டறிய நிறம் மாறும் தங்கத்துகள் கரைசலை ஆய்வகங்களில் சோதித்து வருகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, துகள் அவ்வளவு சிறியது. தனித்தனியாக மிதக்கும்போது கரைசல் மாதுளைச் சாறுபோல் சிவந்திருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டால் நீலமாகும். பின்னர் தடைசெய்யப்பட்ட எண்டோசல்ஃபான் மருந்து இவ்வாறு நிறம் மாற்றுவதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டனர்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. தண்ணீரில் உப்பு மிகுந்தால் இந்த விலக்கம் குறைந்து, பிளாஸ்டிக் இல்லாமலே திரண்டுவிடும். நம் கிணறுகளில் உப்புநீருக்குக் குறைவில்லை! எனவே யாரேனும் கரைசலை ஊற்றி, நீலமானதைக் காட்டி, வடிகட்டி விற்க வந்தால் அவசரப்பட வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் உங்கள் கிணற்று நீருக்கு ஈடான உப்பைக் கலந்து அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் நீலமானால், நிறமாற்றம் பிளாஸ்டிக்குக்குச் சாட்சியாகாது. கிணற்று நீரின் உப்பு அளவை மண் பரிசோதனை நிலையத்தில் அறியலாம்.

உறுதி செய்ய, நீரை வடிகட்டி நுண்ணோக்கியிலும் அகச்சிவப்புக் கருவியிலும் பார்க்கும் ஆய்வகம்தான் வேண்டும். அதற்கு மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துச் செல்வது வீண் வேலை. உலோக மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கிணற்று வாயில் ஒன்றும், கடைசிச் சொட்டுவானில் ஒன்றும் பிடியுங்கள். இரண்டாவதில் மட்டும் துகள் மிகுந்தால், கோளாறு கிணற்றில் அல்ல, வயலில் ஓடும் குழாயில் இருக்கலாம்.

அறுவடை முடிந்ததும் நிலப்போர்வையை முழுதாகச் சுருட்டி எடுத்த பிறகே ரோட்டவேட்டர் ஓட்ட வேண்டும். துண்டாகிப்போன பின் பொறுக்கி மாளாது. வரப்பில் வைத்து எரிப்பதும் கூடாது.