லோனை ‘செட்டில்’ பண்ணிட்டீங்களா? அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு!



கிரெடிட் கார்டு பாக்கி 80,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வேலை போயிடுச்சு, ஆறு மாசமா கட்ட முடியல. ஒருநாள் போன் வருது: “சார், 45,000 கட்டுங்க, அக்கவுண்டை செட்டில் பண்ணிடலாம்.” 35,000 மிச்சம்னு சந்தோஷமா கட்டிடுறோம். மூணு வருஷம் கழிச்சு ஹோம் லோன் கேட்டா, சிபில் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ன்னு இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க.

“அதான் செட்டில் பண்ணிட்டேனே சார், அப்புறம் என்ன?” என்கிட்ட பலர் கேட்கிற கேள்வி இது. குழப்பமே அந்த வார்த்தையிலதான் இருக்கு.

ஒரு வார்த்தை, ரெண்டு வேர்

பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கை. அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு ‘உட்கார வை, நிலைபெறச் செய்’ என்று பொருள். சிட், சீட் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்கதான். “பையன் லைஃப்ல செட்டில் ஆயிட்டான்”னு நம்ம வீட்டுல சொல்றது இந்த அர்த்தத்தில்தான். அப்பா மகளுக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதி வைக்கிறதும் சொத்தை ஒருத்தர் பேர்ல நிலைக்க வைக்கிறதுதான்.

அதே பழைய ஆங்கிலத்தில் ‘சாஹ்ட்லியன்’ என்று இன்னொரு சொல் இருந்தது. பொருள், சமரசம் செய்வது. இருக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒலி நெருக்கமாக இருந்ததால் இந்தப் பொருளும் போகப்போக ‘செட்டில்’ என்ற சொல்லுக்குள் கலந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. “கேஸை கோர்ட்டுக்கு வெளியே செட்டில் பண்ணிட்டாங்க”ன்னு சொல்றோமே, அது இந்த வகை.

வங்கி சொல்றது எந்த செட்டில்?

ஹோட்டல் பில்லை செட்டில் பண்றோம்னா முழுசா கட்டுறோம். ஷேர் வித்தா, டி பிளஸ் 1 செட்டில்மெண்ட்படி அடுத்த வேலை நாளில் கணக்கு நேராகிடும். அதே நினைப்பில்தான் லோனையும் பார்க்கிறோம். ஆனா கடன் பாக்கியில் செட்டில்மெண்ட் என்றால் சமரசம். வர வேண்டியதில் ஒரு பகுதியை வாங்கிக்கிட்டு, மீதியை வங்கி விட்டுக்கொடுக்குது. ரிப்போர்ட்டில் அது ‘செட்டில்டு’. முழுசா கட்டினா ‘க்ளோஸ்டு’. நம்ம கண்ணுக்கு ரெண்டும் “கணக்கு முடிஞ்சது”. அடுத்து கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு, “இவர்கிட்ட ஏற்கெனவே ஒருத்தர் பணத்தை விட்டிருக்கார்.”

என்ன செய்யலாம்?

1. செட்டில்மெண்ட் ஆஃபர் வந்தால் முதல் கேள்வி: “ரிப்போர்ட்டில் செட்டில்டுன்னு வருமா, க்ளோஸ்டுன்னு வருமா?” பதிலை எழுத்தில் வாங்குங்க. போன் பேச்சை நம்பி பணம் அனுப்பாதீங்க.

2. முழுப் பாக்கியையும் தவணையா மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க. வேற வழியே இல்லைன்னா செட்டில்மெண்ட் தப்பில்லை. ஆனா விலை தெரிஞ்சு பண்ணுங்க.

3. ஏற்கெனவே செட்டில் பண்ணிட்டீங்களா? விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டினால் ‘க்ளோஸ்டு’ன்னு மாத்துவீங்களான்னு வங்கியிடம் கேளுங்க. சம்மதிச்சா கட்டிட்டு, நோ டியூஸ் சான்றிதழை மறக்காம வாங்குங்க.

4. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். தப்பு இருந்தால் புகார் பண்ணுங்க. 30 நாளில் தீர்க்கலைன்னா, ரிசர்வ் வங்கி விதிப்படி நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

லைஃப்ல செட்டில் ஆகணும்னு வீடு வாங்கப் போறீங்க. பழைய கார்டு பாக்கியில் பண்ணின செட்டில் அதுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். இன்னைக்கே உங்க ரிப்போர்ட்டை எடுத்து, எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!